தாப்பா, சார்

எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். பின்னால் என் மகள் யாழினி இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்டிசம். சொந்தமாகப் பேச மாட்டாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள்.

தலைமையாசிரியர் அன்பாகத்தான் பேசினார். "சிறப்புக் கல்வி வகுப்புல ஆசிரியர் பத்தலம்மா. பிள்ளைய இந்த வருஷமும் வீட்டிலேயே வச்சிக்குங்க. அடுத்த வருஷம் பார்ப்போம் லா."

போன வருடமும் இதே அறையில் இதையேதான் சொன்னார். "தாப்பா, சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பரவாயில்லை என்பதற்கு நாங்கள் சொல்லும் மலாய் வார்த்தை அது. கிளினிக்கில் காக்க வைத்தாலும், கடையில் யாராவது முந்திக்கொண்டாலும் என் வாயில் அதுதான் வரும். சண்டை போட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி சொன்னாள்: "தாப்பா, சார்."

என் குரலேதான். அதே இழுவை, அதே பணிவு.

தலைமையாசிரியர் சிரித்தார். "பாருங்க, பிள்ளையே சரின்னுடுச்சி."

"அது நான் பேசுனது சார், அவ பேசல" என்றேன். "தாப்பா இல்ல, சார். நாளைக்குக் கூட்டிட்டு வருவேன். படிக்கிறது அவ உரிமை."

அவர் சிரிப்பு நின்றது. மேசையிலிருந்த பதிவேட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "கூட்டிட்டு வாங்க" என்றார்.

யாழினி இப்போது வகுப்புக்குப் போகிறாள். எப்போது நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனால் பல் விளக்கச் சொன்னால்கூட அவள் என் முகத்தைப் பார்த்து, "தாப்பா இல்ல, சார்" என்கிறாள். எனக்குத் திட்ட மனசு வருவதில்லை.