சாயம் என்று சொன்ன நகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். கபடியில் ஒருவர் மிதித்து என் கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. விளையாடக் கூடாது என்பாளே என்று மனைவியிடம், "கறுப்புச் சாயம் பட்டிருச்சு" என்றேன்.

"ஒத்தை வெரல்ல மட்டுமுங்களா?" என்று சிரித்தபடியே, பட்டறைக்காரர் வீட்டு வழக்கப்படி சாயத்தைப் போக்கும் பிளீச்சிங் பவுடரைக் குழைத்து அழுத்தித் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நகம் பெயர்ந்து சீழ் கோத்தது. கணுக்கால்வரை வீங்கியதும் காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"நான் தேச்சதாலதானுங்களா டாக்டர்? கால் போயிருமுங்களா?" என்று அவள் அழுதாள்.

ஊசி மருந்தில் கால் பிழைத்தது. உண்மையைச் சொல்ல எனக்குப் பல மாதங்களாயின. இப்போதெல்லாம் சின்னக் கீறலானாலும், எப்படி ஏற்பட்டதென்று சொன்ன பிறகே அவளை மருந்து போட விடுகிறேன்.