செங்கல் வட்டத்துக்குள் ஆள்காட்டி

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஈரப்புல்வெளியில் எனக்கு வேலை. பறவைகளுக்காக வேலி போட்டுப் பாதுகாக்கிற இடம். வழியை மூடும் கோரையை வெட்ட வேண்டும், குப்பை பொறுக்க வேண்டும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கானாங்கோழியும் நத்தையும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை என்பதால் அந்த வேலை பிடித்திருந்தது.

போன கோடையில் தண்ணீர் நன்றாக வற்றிவிட்டது. நடைபாதை ஓரச் சரளையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று எதுவும் இல்லை. கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே, கரும்புள்ளி போட்ட நாலு முட்டைகள். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து நடக்க வருகிறவர்கள் மிதித்துவிட்டால்? மேற்பார்வை பார்க்கும் மேடத்துக்கு போன் போட்டேன்.

"தொடாதீங்க. சுத்தி ஏதாவது அடையாளம் வைங்க, போதும்" என்றார்.

உடைந்த செங்கற்களை வட்டமாக அடுக்கினேன். தூரத்திலேயே தெரியட்டும் என்று வட்டத்தின் ஓரத்தில் ஒரு குச்சி ஊன்றி மஞ்சள் துணியும் கட்டினேன்.

மறுநாள் காலை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செங்கல் முழுக்க மஞ்சளும் குங்குமமும். துணியோரம் ஒரு எலுமிச்சம்பழம். தினமும் ஷூ போட்டு நடக்க வரும் ஒரு அம்மா, சொம்பிலிருந்து பாலை முட்டைகள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஐயோ, அம்மா... அது குருவி முட்டைங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நாகம்மா முட்டைண்ணே. குருவி எங்கயாவது தரையில முட்டை போடுமா? அதுக்கு மரமா இல்ல?" என்றார் ஷூ போட்ட அம்மா.

"கோயில்னு தெரியாமயா மஞ்சத்துணி கட்டிருக்காங்க?" என்றார் இன்னொருவர். கட்டியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக் கத்திச் சுற்றியது.

"பாருங்கடி, பட்சி கூட அம்மனைக் கூப்பிடுது!"

ஷூ போட்ட அம்மா முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளிக் கற்பூரம் ஏற்றினார். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. பாய்ந்து போய் உள்ளங்கையால் அதை அமுக்கி அணைத்தேன்.

எரிந்த கையை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"சாமி கற்பூரத்தைக் கையால அணைக்கிறியே, நீ மனுஷனா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. குருவி வரும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, பின்னால் போனார்கள். ஆள்காட்டி தூரத்தில் இறங்கியது. நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. செங்கல் இடைவெளியில் நுழைந்து, பாலில் நனைந்த முட்டைகள்மேல் வயிற்றைப் பரப்பி உட்கார்ந்தது. வெள்ளை வயிற்றில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி, குடும்பம் நடத்துறா! இவ வீட்டுக்குள்ளயா பாலை ஊத்தினேன்?" என்ற அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் போனதும் எறும்புகள் சாரை சாரையாக வந்தன. தொடக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்ததால் முட்டைப் பக்கம் கை வைக்கவில்லை. சுற்றியிருந்த பால் நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்தேன். குருவி என் தலையைக் குறிவைத்துப் பாய்ந்துகொண்டே இருந்தது. துணியையும் பழத்தையும் அகற்றினேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவே வழியில் நின்று, வருகிறவர்களை அந்தப் பக்கம் போக விடாமல் விரட்டினார்.

சில வாரங்கள் கழித்து, குஞ்சுகள் வெளிவந்த அன்றே கோரைக்குள் ஓடி மறைந்தன. சரளையில் பொரிக்காத ஒரு முட்டை மட்டும் கிடந்தது. அதன் ஓரத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் எறும்பு போய்வந்தது. குனிந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் ஷூ சத்தம் கேட்டது.

"எல்லாம் பொரிச்சிடுச்சாண்ணே?"

"ஒண்ணு மட்டும் இல்லைங்க."

அவரும் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். "நான் ஊத்துன பாலாலயா?"

"தெரியலைங்கம்மா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.