பதினான்கு வருஷம் கழித்துக் கதவைத் திறந்தவள்

நான் வேலை பார்க்கும் அமெரிக்கக் கல்லூரியில், உங்களுக்கு எது பிடித்தது என்று மாணவர்கள் முகத்துக்கு நேரே கேட்பார்கள். கூச்சமே கிடையாது. நம் இதிகாசங்களை அவரவர் போக்கில் திருப்பி எழுதி, படம் போட்டு, இணையத்தில் கதைப்புத்தகமாக ஏற்ற வேண்டும். அதுதான் என் வகுப்பின் ப்ராஜெக்ட். கடைசியில் அதில் ஒன்றை நான் ஃபேவரிட் என்று எடுத்தால், அடுத்த வகுப்புக்கு அதுவே மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் படித்தபோது கதையில் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் டீச்சர் நறுக்கென்று குட்டுவார். இப்போது சொந்தச் சரக்கு இல்லையென்றால் நான் மார்க்கைக் குறைக்கிறேன். எது சரி என்று சத்தியமாக எனக்கு விளங்கவில்லை.

இந்த விடுமுறைக்கு ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஃபேவரிட்டை நான் எடுத்து முடிக்கவில்லை. இரண்டு கதைகள் மிஞ்சி நின்றன. இரண்டுமே, அண்ணனோடு காட்டுக்குப் போன தம்பியின் மனைவியைப் பற்றியவை. ஒரு பெண் எழுதியதில் அவள் பதினான்கு வருஷமும் விளக்கேற்றி வைத்து அழுகிறாள். அவன் வந்ததும் காலில் விழுகிறாள். அசல் நம்ம ஊர்க் கதை மாதிரியே இருந்தது. ஈத்தன் என்ற பையன் எழுதியதில் அவள் கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று கேட்கிறாள். கதை அதோடு முடிந்துவிடுகிறது. எனக்குச் சுருக்கென்றது.

இதற்கு என்ன ஆதாரம் என்று ஊருக்குக் கிளம்பும் முன் அவனைக் கேட்டேன். "எங்கம்மா" என்றான். அம்மா இந்தியரா, கதையெல்லாம் சொல்வாரா என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போக, அவன் திருதிருவென்று முழித்தான். அவன் அம்மா பட்டாளத்தில் இருந்தவராம். நெடுங்காலம் கழித்து வந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்து, அடையாளம் தெரியாமல் அப்படிக் கேட்ட சின்னப் பையன் இவன்தானாம். ஏதாவது புத்தகத்தின் பெயரைச் சொல்வான், குறித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்த நான் பேனாவை மூடிவைத்தேன்.

என் அத்தானும் பட்டாளத்துக்காரர்தான். கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு லீவு வந்து போனவர், இப்போது ஓய்வு பெற்று வந்துவிட்டார். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் இரண்டு கதையையும் சொன்னேன். பையன் கதைக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ முன்னறையை எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுட்டி. அவிய காதுல விழப்போகுது. அழுகுறவளையே எடு."

"நீ அழுதியாக்கா?"

"எனக்கெங்க நேரம்? பிள்ளைய வளத்து, போர்வெல் போட்டு, மாடி எழுப்பி... இப்பம் வந்து பீரோவ இங்கன தள்ளு, கட்டில அங்கன போடுன்னு சொல்லுதாவ. நல்ல மனுசன்தான். ஆனா முழிப்பு வந்தா, பக்கத்துல யாரோ படுத்திருக்காவன்னு பதறுது. இத யார்ட்டட்டி சொல்ல?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவளைப் பார்த்தும் பாவமாக இருந்தது, அத்தானை நினைத்தும் பாவமாக இருந்தது.

பேப்பரை மடித்துவிட்டு அத்தான் உள்ளே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அக்காவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "பொறவு, அவ அவன உள்ள விட்டாளாம்மா?"

"பையன் அத எழுதல அத்தான்."

தலையாட்டினார். அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டை இழுத்துக்கொண்டார். "பூச்சி பாத்து ஆயணும்," என்றாள் அக்கா, முகத்தைத் தூக்காமல். நான் ஈத்தன் கதையைத் தேர்ந்தெடுத்தேன். அது நன்றாக இருந்ததாலா, அத்தான் கேட்ட கேள்வியாலா, கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டு பாய் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "பட்டாளத்துக்காரரே, எம்புட்டு நாள் லீவு?"

அத்தான் கையிலிருந்த கீரையோடு அக்காவைப் பார்த்தார்.

"லீவு இல்ல பாய்," என்றாள் அக்கா. "ஒரேயடியா வந்துட்டாவ." அதில் இருந்தது சந்தோஷமா, சலிப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

"நல்லதாப் போச்சு. நீ எப்பம்மா கெளம்புத?" என்று பாய் என் பக்கம் திரும்பினார்.

அக்காவும் அத்தானும் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.