ஊதாக் கறை

என் வீட்டுக்காரருக்கு இப்போது கறைத் துணி என்றாலே ஆகாது. யாராவது ஒரு சட்டையை நீட்டி, "இது போகுமா பாருங்க" என்றால் போதும், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். லாண்டரிக்காரர் கறைக்குப் பயந்தால் கடை எப்படி நடக்கும்? நான்தான் வாங்கிப் பார்க்கிறேன். அவர் பின்கட்டில் தொட்டியருகே போய் நின்றுகொண்டு தண்ணீரையே பார்க்கிறார். "ஊதாவா இருக்கா பாரு" என்கிறார். தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது. பத்து முறை சொல்லியாயிற்று, மண்டையில் ஏறவில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். எங்கள் கடையில் வாங்கும் ஒவ்வொரு துணிக்கும் காலரின் உள்பக்கம் அழியாத மையில் ஒரு குறி போடுவோம். ஒருவருக்கு மூன்று புள்ளி, ஒருவருக்குப் புள்ளியும் கோடும். மற்ற கடைகளில் அதற்கு ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். இவருக்கு நோட்டு வேண்டாம். காலரைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் ஆள், தெரு, மாடி எல்லாம் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட மாறியதில்லை என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். கட்டின மனைவியின் பிறந்தநாள் மட்டும் நினைவில் நிற்காது.

அந்த வருஷம் ஊர் கொதித்துக் கிடந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் வாங்கிய கடனை அரசாங்கம் மொத்தமாகத் தள்ளுபடி செய்தது. அதே வாரம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் டிப்போ எல்லாவற்றிலும் சம்பளத்தில் கை வைத்தது. யாருக்குத்தான் வயிறு எரியாது? பெரிய வங்கியின் முன்னால் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் போலீஸ் தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்து பீய்ச்சி அடித்தது. வெறும் தண்ணீர் இல்லை, ஊதாச் சாயம் கலந்த தண்ணீர். ஓடிப்போனவனையும் துணியை வைத்து அடையாளம் கண்டு பிடிக்கலாமாம். எந்த மகராசன் மூளையில் உதித்ததோ.

மறுநாளே கடைகடையாக உத்தரவு வந்தது. ஊதாக் கறையோடு துணி கொண்டுவந்தால் பெயரும் விலாசமும் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடைக்குச் சீல். இவர் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். கொண்டுவந்த போலீஸ்காரர்கள் தெருமுனை திரும்பியதும், "நான் துணி துவைக்கிறவன், ஆள் பிடிக்கிறவன் இல்ல" என்று அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டார். நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன். ஆனாலும், அந்த மனிதரைப் பிடித்திருந்தது.

அன்று மத்தியானம் கம்பவுண்டர் வந்தான். பெயருக்குத்தான் கம்பவுண்டர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிக் கட்டில் மாற்றுகிற வேலை. அடுத்த சந்தில் வீடு, மனைவி, கைக்குழந்தை. என்னை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவான். அவனிடம் இருந்த வெள்ளை யூனிஃபார்ம் சட்டையே இரண்டு. அதில் ஒன்று முதுகெல்லாம் ஊதா.

"அண்ணே, இது போகலேன்னா என் வேலை போயிடும்" என்றான்.

"போகாம எங்க போகும், வெச்சுட்டுப் போ" என்றார் இவர்.

இதில் ஒரு கூத்து. டிராஃபிக் போலீஸின் வெள்ளைச் சட்டைகளும் எங்கள் கடைக்குத்தான் வரும். தண்ணீர் பீய்ச்சிய அன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கம் அடித்ததில் அவர்கள் மேலும் சாயம் தெறித்திருந்தது. காற்றுக்குத் தெரியுமா யார் போலீஸ், யார் ஜனம் என்று? பன்னிரண்டு சட்டை வந்தது. ஒரே கறை, ஒரே மருந்து. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊறப்போட்டார். போலீஸ் சட்டைக்கும் தோளில் பட்டி, கம்பவுண்டர் சட்டைக்கும் தோளில் பட்டி. இஸ்திரி போட்டு மடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஸ்டேஷன் வண்டி வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. இவர் பின்கட்டில் இருந்தார். நான் அவசர அவசரமாகப் போலீஸ் சட்டைகளை எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். காலரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் ஒற்றைச் சட்டையோடு வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. முகத்தில் சிரிப்பு.

"ஒரு சட்டை கூடுதலா வந்திருக்குங்க. யாரோடது பாருங்க."

இவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காலரைத் திருப்பினார். நான் இஸ்திரி மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொல்லாதே, சொல்லாதே என்று உள்ளே அடித்துக்கொள்கிறது, வாய் வரவில்லை.

"அட, நம்ம கம்பவுண்டரோடது சார்! அடுத்த சந்து, பச்சைக் கேட்டு, மாடியில இருக்கான். மன்னிச்சுக்குங்க, இருபத்திரண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை."

போலீஸ்காரர் சட்டையைத் திரும்ப வாங்கித் தோள்பட்டியைத் தூக்கினார். அடியில், தையலுக்குள், விரல்நுனி அளவு ஊதா. சிரிப்பு போய்விட்டது. "பச்சைக் கேட்டா?" என்று மட்டும் கேட்டார். இனிச் சொல்ல என்ன இருக்கிறது?

அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள். பதினோரு நாள். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தலை தெரிந்ததும் இவர் பின்கட்டுக்கு ஓடிவிடுவார். சோறு இறங்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி மறுபடி அலசுவார். தண்ணீரில் ஊதா வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். நான் திட்டினேன். "உன் வாய்தான்யா அவனை அனுப்பிச்சுது" என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் ஆமாம் என்றார். அந்தச் சட்டைகளைக் கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டாரா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் நாங்கள் இரண்டே பேர்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கம்பவுண்டர் கடைக்கு வந்தான். பாதி ஆளாகியிருந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையால் இனி யாரைத் தூக்குவது? ஆஸ்பத்திரியில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இடது கையில் துணிப் பை.

"உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு வரலையே அண்ணே?" என்று கேட்டான். இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"வராது. அதைத்தான் கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. லாண்டரிக்காரனுக்குத் தெரியுமா, தெரிஞ்சேதான் கறை எடுத்தானான்னு. அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது, வார்டுல புண்ணுக்குப் போடுற ஊதா மருந்து கொட்டிடுச்சுன்னு சொல்லித்தான் குடுத்தேன்னுட்டேன். கடைசிவரைக்கும் மாத்திச் சொல்லல."

இவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டை எப்படி அவங்க கைக்குப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தான்ப்பா. கட்டுல மாத்தி வெச்சுக் கட்டினதும் நான்தான், இது யாருதுன்னு கேட்டதும் உன் பேரைச் சொன்னதும் நான்தான். கேட்ட உடனே சொல்லிட்டேன். என்னை யாரும் அடிக்கக்கூட இல்ல."

கம்பவுண்டர் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. துணிப் பையை இடது கையால் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். இவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவன் வேறு கடையில் துணி போடுகிறான். இவர் எதிரே வந்தால் தெருவை மாற்றிப் போய்விடுகிறான். என்னைத் தனியாகப் பார்த்தால் மட்டும் நிற்கிறான். மடங்காத அந்தக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறான். நல்லா இருக்கேன்ப்பா என்கிறேன்.