மூன்று இழுப்பு

இது நடந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். அன்று நான் நேரம் குறித்த தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பென்சில் எழுத்து, உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருங்கியிருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

நான் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குப் பொறுப்பாளன். எதற்கும் பட்டியல் போடுவேன், முடித்ததும் டிக் அடிப்பேன். தங்கையின் கணவரும் நானும் சேர்ந்து பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கியபோதும் அப்படித்தான். நங்கூரத்துக்கு மட்டும் ஐந்து வரி. சங்கிலி இரண்டு மீட்டர். அதற்கு மேல் கயிறு, ஐந்து மீட்டருக்கு ஒரு துணித்துண்டு அடையாளம். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியாயிற்றா. நங்கூரத்தையும் சங்கிலியையும் சேர்க்கும் இரும்பு வளையத்தில் திருகாணியை இறுக்கியாயிற்றா. அது கழன்றுவிடாமல் மெல்லிய கம்பி சுற்றியாயிற்றா.

கடைசி வரிக்கு முதல் நாளே டிக் அடித்துவிட்டேன். குறடு மாப்பிள்ளையிடம் மாட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் தாளைப் பார்த்தேன். டிக் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

மாலை 5.20. மூடுபனி இறங்கியது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நீரோட்டம் எங்களை அலைதடுப்புப் பாறைகளின் பக்கம் தள்ளியது. பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. தொப்... பிறகு தண்ணீரை உறிஞ்சி இழுப்பது போல ஒரு சத்தம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அந்தப் பாறையில் மோதினால் அது எதற்கும் உதவாது. மாப்பிள்ளைக்கு நீச்சலும் தெரியாது. தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

"நங்கூரத்தப் போடுங்க மச்சான்."

ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கி ஆழம் பார்த்தேன். நான்கு மீட்டர். குண்டில் சேறு ஒட்டி வந்தது. அடியில் கல் இல்லை. நங்கூரத்தை இறக்கி, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட்டேன். நான்காவது துணி கையைத் தாண்டியதும் முன்பக்கக் கட்டையில் கட்டினேன். கயிறு விறைத்தது. படகு நின்றது. 5.31 என்று எழுதினேன்.

நங்கூரம் சேற்றில் ஊர்ந்தால் கயிறு கைக்குள் நடுங்கும். பிடித்துப் பார்த்தேன். நடுக்கமே இல்லை. அப்படி ஒரு பிடி.

5.40. கயிறு இழுபட்டது. டக். டக். டக்.

"அலையா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

5.50. மறுபடி. டக். டக். டக்.

"ஏதோ மீனு மச்சான்."

"சங்கிலியக் கடிக்கிற மீனா? அதுவும் மூணு மூணா எண்ணி?"

"பள்ளிக்கூடம் போன மீனா இருக்கும்."

இருவரும் சிரித்தோம்.

6.00. டக். டக். டக்.

யாரும் சிரிக்கவில்லை.

6.07க்கு இன்ஜின் உயிர் பெற்றது. கயிற்றுக்கு நேர் மேலே படகை மெல்லக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் இழுத்தேன். எங்கள் நங்கூரம் எட்டு கிலோ. இது எட்டு கிலோ இல்லை. கனமும் ஒரே மாதிரி இல்லை. இடப்பக்கம் ஒரு வெட்டு... வலப்பக்கம் ஒரு வெட்டு... கை மாற்றிக் கை வைத்து யாரோ ஏறி வருவது போல.

சட்டென்று கனம் போனது.

படகின் நடுப்பலகையில் மல்லாந்து விழுந்தேன். சங்கிலியின் முனை மடியில் வந்து கிடந்தது. வளையம் இருந்தது. திருகாணி இல்லை. நங்கூரம் இல்லை. திருகாணி இருக்க வேண்டிய துளையில் சேறு இறுகி அடைத்திருந்தது. இறக்கியபோதே கழன்றுவிட்டது.

அப்படியானால் இவ்வளவு நேரம் படகைப் பிடித்திருந்தது...

முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

"முன்னாடி போய் உக்காராதீங்க மச்சான். முனை தாழுது."

"நான் நடுவுலதான் இருக்கேன்."



நான் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்தார். பிறகு திசைகாட்டியைப் பார்த்தார். கரை வரும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

நான் திரும்பவில்லை.

முதுகில் குளிர்ந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, படகை எங்களுக்கு விற்ற பட்டறைக்காரரிடம் புது நங்கூரம் கேட்கப் போனேன். பேச்சோடு பேச்சாக அந்த மூன்று இழுப்பைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"முன்ன இது அண்ணன் தம்பி ரெண்டு பேரோட படகு சார். ஒரு நாள் நங்கூரம் அடியில மாட்டிக்கிச்சு. தம்பி கயித்தப் பிடிச்சிக்கிட்டு உள்ள இறங்கினான். விடுவிச்சதும் மூணு தடவ இழுப்பேன், என்னை மேல தூக்குன்னு சொல்லிட்டுதான் போனான்."

"தூக்கினாரா?"

"பனி இறங்கிடுச்சு. பக்கத்துல பாறை. அண்ணன் பயந்துபோய் கயித்த அறுத்துட்டு வந்துட்டான். தம்பி உடம்பு கெடைக்கவே இல்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா சார்?" கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க அறுத்தீங்களா, தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

என் முகத்தையே பார்த்தார்.

"கரைக்கு வந்ததும்... எத்தனை பேர் இறங்கினீங்க?"

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்.

6.41. கரை. மாப்பிள்ளை இறங்கினார், படகு ஆடியது. நான் இறங்கினேன், ஆடியது. கட்டிவிட்டு இருவரும் மணலில் நின்றிருந்தோம். இன்னொரு முறை ஆடியது. முன்பக்கம் மேலே எழுந்தது.