எண்ணூருக்குக் கடிதம் படிக்கப் போன ஞாயிறு

சென்ற வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். துபாயில் வளர்ந்தவர். தமிழ் பேச வருமாம், அச்செழுத்தைக் கூட்டிப் படிக்கவும் வருமாம். ஆனால் மாமியார் எழுதித் தரும் மளிகைச் சீட்டு மட்டும் புரிவதில்லையாம். டிசம்பரில் மூன்று வாரம் சென்னைக்கு வருகிறாராம். படித்துப் பழக எங்கே போகலாம் என்று கேட்கிறார்.

நான் இதற்கென்றே ஒரு பயணம் போனவள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் நெட்டுக்குப்பம் வரை, போக வர சுமார் முப்பது கிலோமீட்டர், 1974 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேரமும் கட்டணமும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கின்றன. எண்பதை நெருங்கும் என் ஞாபகத்தை நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. என் கணவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவர் இடத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. நான் கான்வென்டில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். அதனால் இரண்டு வருடத்துக்குள் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. பெங்களூரில் அண்ணன் வீட்டுப் பின்னறைதான் கதி. அண்ணி நல்லவர். ஆனால் நான் எத்தனை தோசை சாப்பிடுகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டேன். தவறியது வாய்மொழித் தேர்வில். பொதுமக்கள் கையால் எழுதிக் கொடுத்த மனு ஒன்றைத் தருவார்கள், அதை உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு அந்த எழுத்து ஒன்றுமே பிடிபடவில்லை. அங்கங்கே ஒரு சொல்லைப் பிடித்து, மீதியை ஊகித்து ஒப்பேற்றினேன். "இதில் இல்லாததையெல்லாம் படிக்கிறீர்களே, அம்மா" என்றார் தேர்வாளர். கடைசி வாய்ப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இந்த விஷயம் எனக்கு இறால் கொண்டுவரும் எல்லம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நெட்டுக்குப்பத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். "கையெழுத்துதானே ஒனக்கு வோணும்? எங்க குப்பத்துல லெட்டரு கட்டுக்கட்டா கீது. படிச்சிக் காட்டுற வாத்தியாரு மாத்தலாயி ரெண்டு மாசம் ஆவுது. நீ வந்து படி. நாங்க கேக்குறோம், நீ கத்துக்க" என்றாள். தமிழச்சியான நான் தமிழ் படிக்க மீன்காரியிடம் போவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு, மாதா கோவிலில் முதல் பூசை முடிந்து, 7.25-க்கு ராயபுரத்தில் பஸ் ஏறினேன். டோல்கேட் வரை பதினைந்து பைசா. அங்கே இறங்கி இருபத்தைந்து நிமிடம் நின்றேன். எண்ணூர் பஸ் 8.15-க்கு வந்தது, முப்பத்தைந்து பைசா. நடத்துநரிடம், "நெட்டுக்குப்பம் செல்வதற்கு எவ்விடத்தில் இறங்க வேண்டும்?" என்று கேட்டேன். அன்று நான் பேசிய தமிழ் பாதி ஆங்கிலம், பாதி ஜெபப் புத்தகம்.

அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். "எங்க எறங்கணும்னு கேளும்மா. நீ கேக்குறத கேட்டா நானே வயி மறந்துடுவேன் போலகீது. கடைசி ஸ்டாப்புல எறங்கி நேரா நட."

திருவொற்றியூர் தாண்டியதும் வலது பக்கம் கடல், இடது பக்கம் வரிசையாகத் தொழிற்சாலைகள். தீப்பெட்டி, உரம், லாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை. கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே போகிறோம் என்று தெரியும். எர்ணாவூருக்கு அப்பால் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிய ஆரம்பித்தது. 8.58-க்கு எண்ணூரில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். பாதி மணல், பாதி சாம்பல். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனது என் தவறு.

குப்பத்தில் வலைக் கொட்டகை நிழலில் ஏழெட்டுப் பெண்கள் கடிதங்களோடு காத்திருந்தார்கள். மூலையில் ஒரு பெரியவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை நைனா என்றார்கள். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, சோடா கொடுத்தார்கள்.

முதல் கடிதம் எல்லம்மாவின் நாத்தனார் பொன்னேரியிலிருந்து போட்டது. பத்தே வரி. இருபது நிமிடம் ஆயிற்று. நைனா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொன்னேரிக்கு நடந்தே போயி கேட்டுகினு வந்திருக்கலாம்" என்றார்.

"நீ சும்மா குந்து நைனா. பாவம், அது இங்கிலீசுல பி.ஏ." என்றாள் எல்லம்மா.

"அதான் பாக்குறேன். இங்கிலீசு உள்ள போனா தமிளு வெளிய போயிடும் போல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த கடிதத்தை இப்படி எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருக்கக் கூடாது, சரளமாகப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது கன்னியம்மாவுடையது. இருபத்திரண்டு வயதுப் பெண். கணவன் தேசிங்கு விசாகப்பட்டினத்தில் டிராலர் படகில் வேலை செய்தான். ஐந்தாவது வரை படித்தவன், தன் கையாலேயே எழுதுவான். மூன்று வாரமாகப் பிரிக்காமல் அரிசிப் பானையில் வைத்திருந்த கடிதம் அது. நான் முழுதும் ஒரு முறை கண்ணை ஓட்டி, பிடிபட்ட சொற்களை மனதில் கோத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்.

"அன்புள்ள கன்னியம்மாளுக்கு தேசிங்கு எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உன் நலம் அறிய ஆவல். இங்கே உணவு அவ்வளவு சுத்தமாக இல்லை. படகில் எல்லோரும் தெலுங்கு பேசுகிறார்கள். முதலாளி கண்டிப்பானவர். வீட்டுக் கூரையை உன் அண்ணனைக் கொண்டு சரி செய்துகொள்ளவும்."

தடங்கலே இல்லை. எனக்கே திருப்தியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கன்னியம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"இது அது எய்துனது இல்ல" என்றாள்.

"அவர் பெயர்தானே போட்டிருக்கிறது."

"பேரு யாரு வோணும்னாலும் போடலாம். திட்டு எங்க? என்ன திட்டாம அது ஒரு லெட்டரு போட்டதில்ல." எல்லம்மா பக்கம் திரும்பினாள். "எக்கா, அதுக்கு இன்னாவோ ஆயிப்போச்சி. நம்ம அஞ்சல வூட்டுக்காரரு கடல்ல போட்டோட முயுகிப் போனப்ப, மொதல்ல இப்டித்தான் நல்ல தமிள்ல ஒரு லெட்டரு வந்துச்சி. யாரோ படிச்சவங்களா பாத்து எய்தி வாங்கி அனுப்பிகீறாங்க."

நைனாவின் கை நின்றுவிட்டது. அந்தக் குப்பத்துக்கு நல்ல தமிழ் எப்போது வரும் என்று அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கன்னியம்மா எழுந்து, அன்று ராத்திரி ரயிலுக்கே விசாகப்பட்டினம் கிளம்புவதாகச் சொன்னாள். துணைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

நான் எழுதியிருப்பதைத்தான் படித்தேன் என்று மறுபடியும் சொன்னேன். அது பொய் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என நினைத்தேன். எல்லம்மா என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"யம்மா, தெனம் ஒன் வூட்டு வாசப்படில நா பேசுறத நீ கேக்குறே. அப்பால அதையே ஏங்கிட்டயே வேற மாரி திருப்பிச் சொல்றே. நானும் பாத்துகினுதான் கீறேன். இத அப்டிப் பண்ணாத. எய்த்து எய்த்தா படி. திருத்தாத."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கடிதத்தை எடுத்தேன். பொருளைத் தேடாமல், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்காமல், கண்ணில் பட்ட எழுத்தை மட்டும் ஒலித்தேன். இப்போது என் வாயிலிருந்து வந்தது வேறு ஆள்.

"கன்னிம்மாவுக்கு தேசிங்கு எய்துறது. நா நல்லாகீறேன். நீ நல்லாகீறியா. இங்க சோறு கலீஜா கீது. போட்டுல அல்லாரும் தெலுங்குதான். வலைய வலைன்னுதான் சொல்றானுங்க, மீனத்தான் சேப்பன்றானுங்க. ஒரு மாசமா கத்துக்கினேன். இப்ப மொதலாளி திட்றது பூரா பிரியுது. பிரியாதப்பவே நல்லா இருந்துச்சி."

நைனா முதலில் சிரித்தார். அடுத்த வரியில் ஒரு சொல் இருந்தது. முதல் முறை படித்தபோதே அது எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே விட்டுவிட்டேன், வாயில் வரக்கூடாத சொல் என்று. இப்போது படித்தேன்.

"அடியே கய்தே, மயை வரப்போவுது, வாயப் பொளந்துகினு குந்திக்கினு இருக்காதே. ஒங்கண்ணன இட்டாந்து ஓல மாத்து. எறா வந்தா அல்லாத்தையும் வித்துடாதே, நீயும் துன்னு."

கன்னியம்மா மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுதான். கஸ்மாலம், அதுதான் எய்திகீது" என்றாள். பக்கத்திலிருந்தவள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்று மதியத்துக்குள் ஒன்பது கடிதம் படித்தேன். கடைசி மூன்றும் வேகமாகவே போயின. கையெழுத்து திடீரென்று திருந்திவிடவில்லை. இத்தனை நாள் நான் பாடப் புத்தகத்தின் சொற்களை அந்தக் காகிதங்களில் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது என் வாசலில் தினமும் கேட்ட பேச்சு. அதை எதிர்பார்த்துப் பார்த்தால், பாதி எழுத்து தானாகத் தெரிந்துவிடுகிறது. கிளம்பும்போது கன்னியம்மாவுக்காகப் பதில் கடிதமும் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் மாற்றாமல். அவள் பதிலுக்கு அவனைத் திட்டியதையும் சேர்த்து.

1.40 பஸ் பிடித்து மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். மொத்தச் செலவு ஒரு ரூபாய். சோடாவுக்கு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் தேர்வில் எனக்குக் கிடைத்தது ஒரு விவசாயி கொடுத்த மனு. பக்கத்து நிலத்துக்காரனின் எருமை பயிரை மேய்ந்த விவகாரம். நடுவில் கணக்குப்பிள்ளையைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை. நிறுத்தாமல் படித்தேன். "அதை விட்டுவிட்டுப் படித்திருக்கலாமே" என்றார் ஒருவர். "எழுதியிருக்கிறது, சார்" என்றேன். அவர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று ஐந்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தேறியிருந்தேன். பெங்களூருக்கு விடுமுறைக்கு மட்டுமே போனேன்.

அந்த வாசகிக்கும், இந்தப் பக்கம் போக நினைக்கும் மற்றவர்களுக்கும்: இப்போது மெட்ரோவில் விம்கோ நகர் வரை போகலாம். அங்கிருந்து எண்ணூருக்கு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் இருக்கின்றன. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு வெயில் பொறுக்காது, கன்டெய்னர் லாரிகளும் சாலையை அடைத்துக்கொள்ளும். வெளிர் நிறத்தில் உடுத்த வேண்டாம், சாம்பல் இன்னும் பறக்கிறது. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கடிதங்கள் இப்போது இருக்காது. ஆனால் ஏலத்தில் மீன் விலை சொல்லும் பெண்ணின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். திருத்துவதை வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம். மளிகைச் சீட்டும் மாமியாரின் பேச்சுதான். அவர் வாயால் சொல்வதைக் காதில் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

தேர்வு முடிவு வந்த பிறகு, அக்டோபரில் ஒரு ஞாயிறு, மறுபடியும் நெட்டுக்குப்பம் போனேன். போக வேண்டிய அவசியமே இல்லை. தேசிங்குவின் பதில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான்தான் படிக்க வேண்டும் என்று யாரிடமும் காட்டாமல் கன்னியம்மா வைத்திருந்தாள். கொட்டகையில் அதே கூட்டம், நைனா உள்பட. நான் பிரித்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"அடியே கய்தே, லெட்டரு கெடச்சிது. நீ நேருல நின்னு கத்துனாப்புல இருந்துச்சி. ஆனா ஒனக்கு எய்திக் குடுத்தது யாரு? கோயி கெளறுனாப்புல கீது எய்த்து. ஒரு ராத்திரி பூரா குந்திக்கினு படிச்சேன். அடுத்த வாட்டி எய்தத் தெரிஞ்சவங்களா பாத்து எய்து."

என் ஆங்கிலக் கையெழுத்துக்குப் பள்ளியில் இரண்டு வருடம் பரிசு கிடைத்திருக்கிறது. அதை அங்கே சொல்லிப் பயனில்லை. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எல்லம்மா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரியா காதுல உழல" என்றார் நைனா. "இன்னொரு வாட்டி படி."

இரண்டாவது முறையும் ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.