நெல்லூருக்குப் போன குடும்பம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சொந்தமாகக் கிரேன் வைத்துத் தொழில் செய்கிற பொம்பளை நான் ஒருத்திதான். படித்தது ஏழாவது, அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. லாரி டிரைவரோ, சரக்கெடுக்க வருகிற பெரிய கம்பெனி மேனேஜரோ, என் வாய்க்கு முன்னால் யாரும் அரை மணி நேரம் தாங்க மாட்டார்கள். எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொல்வேன். கேட்டவர் நம்பிக்கொண்டுதான் போவார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். இந்த வாய் எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது.

போன மாதம் என் மருமகள் செல்போனில் பெண்கள் வாலிபால் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாட்டு அணிகள் மோதுகிற போட்டி. நீலச் சட்டை போட்ட நம் நாட்டுப் பெண் ஒருத்தி, முன்னால் தள்ளப்போவது போல ஏமாற்றி, தலைக்குப் பின்னால் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். அடுத்தவள் ஓங்கி அடித்தாள். எதிரணி நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னா அத்தே, கண்ணுல தண்ணி வருது?"

"இரும்புத்தூள் பட்டுடுச்சி."

வீட்டுக்குள் ஏது இரும்புத்தூள் என்று அவள் கேட்கவில்லை. நம்பிவிட்டாள்.

எனக்கு எட்டு வயதானபோது நாங்கள் கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் யார்டை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நைனா, அதாவது அப்பா, ஹார்பரில் மூட்டை இறக்கினார். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த பொட்டல்தான் அவள் மைதானம். கிழிந்த மீன்வலையை இரண்டு கம்பத்தில் கட்டி, தெருப் பையன்களோடு ஆடுவாள். பின்பக்கமாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவளுடைய தனி வித்தை. எங்கே கொடுக்கப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சில நாள் பந்து போய், ஊர்ந்துகொண்டிருக்கிற கூட்ஸ் வண்டியின் நிலக்கரி மேல் விழும். அக்கா வண்டியோடு சேர்ந்து ஓடுவாள். ஒரு தடவை கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு கத்தினார்:

"ஏம்மா, பந்துக்கு டிக்கெட் எடுத்தியா?"

"அது எறங்கிக்கும் சார், ஸ்டேஷன் தெரியாம ஏறிடுச்சி!" என்று அக்கா ஓடிக்கொண்டே சொன்னாள். அவர் சிரித்தபடி வண்டியை நிறுத்தச் சொன்னார். கரி அப்பிய பந்தோடு அக்கா திரும்பி வந்தாள்.

அந்த அக்காவுக்குத்தான் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் போட்டி, ஜப்பான், கொரியா, சீனா அணிகளெல்லாம் வரும். எதிர்வீட்டு அத்தை குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நம்ம பொண்ணு ஏரோப்ளேன்ல போவுது, எல்லாரும் கேட்டுக்குங்கடி" என்று அறிவித்தாள். அக்கா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு பெங்களூர் முகாமுக்குக் கிளம்பினாள். ஏழாம் நம்பர் சட்டை தனக்குத்தான் என்று அங்கிருந்து எழுதினாள். அந்தக் கடிதத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

இடையில் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வருஷத் தொடக்கத்தில் ஹார்பரில் ஸ்ட்ரைக். போலீஸ் சாதாரண உடையில், பிரவுன் ஷூவை மட்டும் மாற்றாமல், வீடு வீடாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கடைசி வீட்டு அண்ணனை, "ஒரு கையெழுத்துதான்பா, நல்ல விஷயம்" என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பதினைந்து நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வரிசையில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம். அம்மா என் தாடையைப் பிடித்துச் சொன்னாள்:

"எவன் வந்து எந்தப் பேரக் கேட்டாலும், அப்டி யாரும் இங்க இல்லன்னு சொல்லு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத."

ஸ்ட்ரைக் முடிந்தது. நைனா மேல் போட்ட கேஸ் மட்டும் முடியவில்லை. பாடம் முடிந்துவிட்டது என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அக்கா போய் இருபது நாள் இருக்கும். மதியம் நான் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் பழுப்புக் காகிதம். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். பிரவுன் ஷூ. போலீஸ்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த அக்காவின் முழுப் பெயரை அவர் சொன்னார். "இந்த வூடுதானே பாப்பா?"

"அப்டி யாரும் இங்க இல்ல சார்."

"பாஸ்போர்ட்டுக்காக வந்துகீறேன்மா. நல்ல விஷயந்தான்."

நல்ல விஷயம்! கடைசி வீட்டு அண்ணன் நொண்டி வந்தது என் கண் முன்னால் நின்றது. அம்மா சொன்ன அளவோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நகரவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"அவங்க காலி பண்ணிக்கினு பூட்டாங்க சார். நெல்லூருக்கு. ரெண்டு வருஷம் ஆவுது. நாங்க புச்சா வந்தவங்க."

நெல்லூரில் எங்கள் பெரியம்மா இருந்தாள். எனக்குத் தெரிந்த ஒரே வெளியூர் அதுதான்.

அவர் குழாயடிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இது சொல்றது நெசமா?" என்றார். எதிர்வீட்டு அத்தை அவர் யார் பெயரைக் கேட்டார் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளும் ஷூவைத்தான் பார்த்தாள்.

"ஆமா சார், எப்பவோ பூட்டாங்க. கொயந்த பொய்யா சொல்லும்?"

அவர் காகிதத்தை சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் குழாயடியே சிரித்தது. அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "பேஜாரு புடிச்சவளே, நெல்லூர எங்கேந்துடி புடிச்ச?" என்றாள்.

சாயங்காலம் நைனாவிடம், "போலீஸ் வந்தாரு, நெல்லூருக்குப் பூட்டாங்கன்னு சொல்லித் தொரத்திட்டேன்" என்றேன். அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய், பாய் கடையில் சமோசா வாங்கிக் கொடுத்தார். "எம்பொண்ணு வக்கீலாவப் போறா பாய்" என்றார். வந்தவர் யாரைக் கேட்டார் என்று நைனா கேட்கவில்லை. தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை. நைனாவைக் காப்பாற்றியதாக இருப்பதில்தான் பெருமை அதிகம்.

முகாமில் எல்லாப் பெண்களுக்கும் பாஸ்போர்ட் வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. அணி விமானம் ஏறிய மறுநாள் அவள் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏழாம் நம்பர வேற பொண்ணு போட்டுக்கினு போயிட்டா" என்றாள்.

நைனா என்னையும் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனார். கண்ணாடி போட்ட கிளார்க் ஃபைலைப் புரட்டி வாசித்தார்: "மேற்படி முகவரியில் வசிக்கவில்லை. குடும்பம் நெல்லூருக்குச் சென்று இரண்டு வருடம் ஆகிறது. அக்கம்பக்கத்தாரும் உறுதி செய்தனர்."

நைனா, "நெல்லூரா?" என்றார். பிறகு மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் கிளார்க்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "போட்டி முடிய இன்னும் நாலு நாள் கீது சார்" என்றார். கிளார்க் ஃபைலை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "என் ஸ்ட்ரைக் கேஸால வந்த வெனைம்மா. அத வச்சித்தான் நிறுத்திட்டானுங்க" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா அழவில்லை. "உன்ன யாரு ஸ்ட்ரைக்குக்குப் போவச் சொன்னது?" என்றாள். நைனாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் அதற்குப் பிறகு பதினாறு வருஷம் உயிரோடு இருந்தார்.

மறுநாள் காலையில் அக்கா பந்தை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனாள். கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பந்தை மேலே போட்டு, எம்பி ஒரே அடி. அது போய் நிலக்கரி மேல் உட்கார்ந்தது. கடைசிப் பெட்டியில் அதே கார்டு, அவள் ஓடி வருவாள் என்று கொடியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

இன்று எண்ணூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே டிவியில் யாரும் வாலிபால் வைப்பதில்லை. நைனாவைக் கிடத்தியிருந்த அன்று அவள் வாசலோடு நின்று, முகம் பார்க்காமல் திரும்பினாள். நெல்லூர்க் கதையை அப்போதாவது அவளிடம் நான் சொல்லியிருக்கலாம். யாரிடமும் எதையும் பேசி ஜெயிக்கிற வாய், அந்த ஒரு இடத்தில் இத்தனை வருஷமாகத் திறக்கவில்லை.

பந்து போன அந்தக் காலையில், நைனா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் தலைமேல் கை வைத்தார். அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது, நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, சமோசா வேண்டும் என்று கேட்டேன். வாங்கிக் கொடுத்தார்.